ஆணழகன் போட்டிக்குக் கூடப் போகிறவர்களுக்கு: நீர் மாத்திரை விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்

இது மேடை ஏறுகிறவருக்கு எழுதியது இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போய், முதுகில் ஸ்பான்ஜால் டேன் அடித்து, ஜட்டியில் நம்பரைக் குத்திவிடுகிற தம்பிக்கும் ஜிம் பார்ட்னருக்கும் எழுதியது. ஏனென்றால் போட்டிக்கு முந்தின ராத்திரி மேடை ஏறப் போகிறவர் நிதானத்தில் இருக்க மாட்டார். உப்பில்லாமல், தூக்கமில்லாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு "வயித்துல இன்னும் தண்ணி நிக்குதுடா" என்பார். போனில் ஒரு ஜிம் மாஸ்டர் "ஒரு லாசிக்ஸ் போட்டுட்டுப் படு, காலையில சரியாயிடும்" என்பார். லாசிக்ஸ் என்பது நீர் மாத்திரை, அதாவது சிறுநீரை அதிகமாக்கி உடம்புத் தண்ணீரை இறக்குகிற மாத்திரை. தண்ணீர் போனால் தசை வெட்டு வெட்டாகத் தெரியும் என்று நம்பித்தான் போடுகிறார்கள். அந்த அறையில் தெளிவாக யோசிக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

அவரிடம் உயிர் போய்விடும் என்று பேசிப் பிரயோஜனமில்லை. மெடல் போய்விடும் என்று பேசுங்கள், அதுவும் உண்மைதான். தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். தோலுக்கு அடியில் நிற்கிற தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, தசைக்குள் இருப்பதை விட்டுவைக்கிற மாத்திரை உலகத்தில் கிடையாது. லாசிக்ஸ், அதாவது ஃபுரோசமைடு, சிறுநீரகம் உப்பைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கிறது, உப்போடு தண்ணீரும் பொட்டாசியமும் மெக்னீசியமும் சேர்ந்து வெளியேறுகின்றன. அந்தத் தண்ணீர் முதலில் ரத்தத்திலிருந்துதான் போகிறது. ரத்தம் குறைந்தால் பம்ப் ஏது, அதாவது ரத்தம் பாய்ந்து தசை புடைப்பது ஏது, நரம்பு எழும்புவது ஏது? மேடைக்குப் பின்னால் ரப்பர் பேண்டை எத்தனை முறை இழுத்தாலும் கை தட்டையாகவே கிடக்கும். போதாக்குறைக்கு, கார்ப் லோடிங், அதாவது தசையை நிரப்ப மாவுச்சத்தை ஏற்றுவது என்று இரண்டு நாள் சாப்பிட்ட சோறு தசையில் கிளைகோஜன் என்கிற சேமிப்புச் சர்க்கரையாகத் தங்க ஒவ்வொரு கிராமுக்கும் 3 கிராம் அளவுக்குத் தண்ணீர் வேண்டும், அதைக் கழிவறையில் விட்டுவிட்டு எதை லோடு செய்வது? இன்னொன்று, "தண்ணி நிக்குது" என்று காட்டுகிற இடத்தில் பெரும்பாலும் நிற்பது தண்ணீரே இல்லை, இன்னும் கரையாத கொழுப்பு. இதைச் சொன்னால் கோபப்படுவார். பரவாயில்லை, சொல்லுங்கள்.

உலக அளவில் மேடை ஏறினவர்களே இதில் தப்பவில்லை. பிரான்ஸின் ஆணழகன் மொஹமத் பெனஜிஸா 1992 அக்டோபரில் நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார், நீர் மாத்திரையும் அதனால் வந்த நீரிழப்பும்தான் காரணமாகச் சொல்லப்படுகின்றன. 1994-ல் அர்னால்ட் கிளாசிக் என்கிற அமெரிக்க ஆணழகன் போட்டியில் பால் டில்லெட் போஸ் கொடுத்தபடியே மேடையில் விறைத்து நின்றுவிட்டார், அவரைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது. கோச்சுக்கும் காசுக்கும் பஞ்சமில்லாத ஆட்கள் இவர்கள். நம் புதுச்சேரி, கடலூர் பக்கத்து மண்டபத்தில் ஏசி இருக்காது, போகஸ் லைட் சூடு வேறு, போதாததற்குக் கடற்கரைப் புழுக்கம், வியர்வை காயவே காயாது. கூடவே இந்த மாத்திரைகள் எல்லாமே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் எப்போதும் தடை, போட்டி நாளில் மட்டும் இல்லை.

சரி, சொல்லியும் கேட்காமல் போட்டுவிட்டார் என்று வையுங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் மாத்திரை அட்டையை வாங்கி போனில் படம் எடுங்கள். எந்த மாத்திரை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. லாசிக்ஸ் பொட்டாசியத்தை இறக்கும். ஆல்டாக்டோன், அதாவது ஸ்பைரோனோலாக்டோன், பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கிவைக்கும். இரண்டும் கலந்து லாசிலாக்டோன் என்றும் வருகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், அதற்கு ரொம்பக் கீழே போனாலும் மேலே போனாலும் இதயத்துடிப்பு தாறுமாறாகும். கொழுப்பு கரைய என்று போடுகிற கிளென்புடெரால், தசைக்காகப் போடுகிற இன்சுலின் இரண்டும் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளும், லாசிக்ஸோடு சேர்ந்தால் சரிவு இரட்டிப்பு. பிரஷருக்குப் போடுகிற டெல்மிசார்டான் நேர்மாறு, ஆல்டாக்டோனோடு சேர்ந்து ஏற்றிவிடும். வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டிருந்தால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. அதனால் இவை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே கேளுங்கள். "வேற ஏதாவது போட்டியா" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

நம் ஊரில் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு இருக்கிறது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதும் ஒருத்தர் ஓடிப்போய் இளநீர் வாங்கி வருவார், இன்னொருத்தர் வாழைப்பழத்தை உரித்து நீட்டுவார். ஒரு நல்ல இளநீரில் ஒரு வாழைப்பழத்துக்குக் குறையாத பொட்டாசியம் இருக்கிறது. ஆல்டாக்டோன் போட்டவருக்கு அதைக் கொடுப்பது நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது, இரண்டிலும் கை கால் தளரும். ரத்தப் பரிசோதனையும் இசிஜியும்தான் சொல்லும். லோ சோடியம் உப்பும் அப்படித்தான், அதில் சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும்.

அடையாளங்களைப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல். டேன் அடித்த உடம்பில் முகம் வெளுத்தது தெரியாது. கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள், நாக்கை நீட்டச் சொல்லுங்கள், வெளுத்தோ வறண்டோ இருந்தால் கவனம். சிறுநீர் தெளிவாகப் போகிறது, அதனால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது என்று நம்பாதீர்கள், மாத்திரை வேலை செய்கிறவரை உடம்பு வற்றினாலும் சிறுநீர் தெளிவாகத்தான் போகும். கட்டஞ்சாயா, அதாவது பால் விடாத டீ நிறத்தில் போனால் தசை உடைகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துத் துடிப்பைப் பாருங்கள், விட்டுவிட்டு அடித்தாலோ, உட்கார்ந்தே இருக்கும்போது பறந்தாலோ, ரொம்ப மெதுவாக இருந்தாலோ மேடை வேண்டாம். எழுந்ததும் கண் இருட்டுகிறது, படபடப்பு, பேச்சு குழறுகிறது, ஒன்று மாற்றி ஒன்றாகத் தசை பிடிக்கிறது என்றாலும் அதே முடிவுதான். நம்பர் கூப்பிட்டாலும் அனுப்பாதீர்கள்.

படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். முழு நினைவோடு இருந்தால் ஓஆர்எஸ் ஒன்றிரண்டு வாய் போதும், லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிக்கவைத்தால் ரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்பு வரலாம். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். மூச்சு இல்லை, அல்லது எப்போதாவது ஒருமுறை திணறி இழுக்கிறார் என்றால் உடனே மார்பின் நடுவில் இரண்டு கையால் அழுத்த ஆரம்பியுங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இறங்க வேண்டும். பைக்கில் நடுவில் உட்காரவைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போகிற வேலை மட்டும் வேண்டாம், வழியில் துடிப்பு நின்றால் ஒன்றும் செய்ய முடியாது.

புதுச்சேரி என்றால் கோரிமேட்டில் ஜிப்மர், கடலூர் என்றால் மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை. கேஷுவால்ட்டியில் "மயக்கம் போட்டுட்டார் சார், வெயில்ல நின்னார்" என்று மழுப்பினால் அவர்கள் வெயில் மயக்கத்துக்குத்தான் பார்ப்பார்கள். மாத்திரை அட்டை படத்தைக் காட்டி, என்ன, எத்தனை, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள். ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அவர்கள் போலீஸ் இல்லை. போகும் வழியிலேயே ஒரு துண்டால் மேடைக்காக மார்பிலும் கை காலிலும் பூசிய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கில் இசிஜி ஒட்டு நிற்காது.

ஒன்றும் ஆகாமல் கப்போடு இறங்கிவிட்டாலும் அன்று ராத்திரி கூடவே இருங்கள். புதுச்சேரியில் போட்டி என்றால் அடுத்த கேள்வி எந்த பார் என்பதுதான், வற்றிய உடம்பில் பீர் இன்னும் வற்றவைக்கும். பிரியாணியும் பரோட்டாவும் ஒரேயடியாக உள்ளே போனால் இன்சுலின் ஏறி, இருக்கிற பொட்டாசியமும் செல்லுக்குள் போகும், அளவாகக் கொடுங்கள். ஆல்டாக்டோனின் வேலை இரண்டு மூன்று நாள் நீடிக்கும், அதுவரை இளநீர் கிடையாது. மறுநாள் காலையில் ஒரு லேபில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். இரண்டு நாளில் கணுக்கால் வீங்கலாம், அதைப் பார்த்துவிட்டு இன்னொரு நீர் மாத்திரை கேட்பார். கொடுக்காதீர்கள், அது மெல்லத் தானாக வடியும், கூடவே மூச்சு வாங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ மட்டும் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.