டெக்சாஸில் படைவீரர்களுக்கான கைத்துப்பாக்கி உரிமம்: எப்படி வாங்குவது?

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பிய பெரும்பாலோர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியில் எடுத்துச் செல்லலாம். அப்புறம் உரிமம் எதற்கு? பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிறது நாடு முழுவதற்குமான சட்டம். அந்த மாநில உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. பள்ளி இருக்கும் தெரு வழியாகத் தினமும் காரில் போகிறவருக்கு இது ஒன்றே போதும். தவிர, டெக்சாஸ் உரிமத்தை ஏற்கும் மற்ற மாநிலங்களிலும் அது செல்லும்.

சரி, முதல் வேலை காகிதம். பணியில் இருப்பவருக்கு ராணுவ அடையாள அட்டை, பணி முடித்தவருக்கு டிடி-214 என்ற விடுவிப்புச் சான்று. இந்த டிடி-214-ஐ மேசையில் விரித்து 24-ஆம் கட்டத்தைப் பாருங்கள், அங்கே ‘ஆனரபிள்’, அதாவது கௌரவமாக விடுவிக்கப்பட்டவர், என்று இருக்க வேண்டும். அந்தக் கட்டமே இல்லையென்றால் உங்களிடம் இருப்பது ‘மெம்பர்-1’ என்ற சுருக்கப் பிரதி. ‘மெம்பர்-4’ பிரதியைத் தேடி எடுங்கள். ‘டிஸ்ஆனரபிள்’, அதாவது கௌரவமின்றி நீக்கப்பட்டவர், என்று இருந்தால் உரிமம் மட்டுமல்ல, துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம்.

அடுத்து, மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் விண்ணப்பம், பிறகு கைரேகை. படைவீரருக்கு 18 வயது போதும். கட்டணம் பொதுவாக 40 டாலர், கௌரவமாக விடுவிக்கப்பட்டவருக்கு 25. பணியில் இருப்பவருக்கும், விடுவிக்கப்பட்டு ஓராண்டு ஆகாதவருக்கும் கட்டணமே இல்லை. வீடு மாற்றம், வேலை தேடல் என்று அந்த முதல் வருடம் ஓடியே போய்விடும், ஆகவே ஊர் திரும்பிய கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.

பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது பயிற்சியைத்தான். ராணுவத்தில் கைத்துப்பாக்கிப் பயிற்சி முடித்து, சட்டம் சொல்லும் கால வரம்புக்குள் விண்ணப்பித்தால், சுட்டுக் காட்டும் தேர்விலிருந்து மட்டுமே விலக்கு. வகுப்பும் எழுத்துத் தேர்வும் எல்லோருக்கும் உண்டு, இருக்கவும் வேண்டும், ஏனென்றால் போர்க்களத்தில் எப்போது சுடலாம் என்ற விதி வேறு, வால்மார்ட் வாசலில் பொருந்தும் சட்டம் வேறு. விலக்கு கிடைக்காதவர் 50 குண்டுகள் சுட வேண்டும்: 3 கஜத்திலிருந்து 20, 7 கஜத்திலிருந்து 20, 15 கஜத்திலிருந்து 10. மொத்தம் 250-இல் 175 எடுத்தால் தேர்ச்சி.

அட்டை வந்த பிறகும், வாசலில் 30.06 என்ற சட்டப்பிரிவைச் சொல்லித் துப்பாக்கிக்குத் தடை போடும் அறிவிப்பு தொங்கும் கடைக்குள் மறைத்துக்கூட எடுத்துப் போகக் கூடாது, வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவிலிருந்து வருகிறது என்பதற்கு அடையாளமாகச் சிவப்பில் 51% என்று போட்ட மதுக்கூடத்துக்குள்ளும் அப்படித்தான். ராணுவ முகாம் வாசலில் இந்த உரிமம் செல்லாது. அங்கே முகாம் தளபதியின் விதிதான், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் வைக்கப் பூட்டு வேண்டுமென்றால், முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனையில் கேளுங்கள், கேபிள் பூட்டை இலவசமாகவே தருவார்கள். ராத்திரியில் மனசு சரியில்லை என்றால் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு, 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். படைவீரர்களுக்கென்றே இருக்கும் உதவி எண் அது.