பழைய பத்திரம் தேடி ஊருக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து குடும்ப வரலாறு தேடிப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓலைச்சுவடியும் பழைய பத்திரமும் நமக்கு முன்னோர் எழுத்து. ஊரில் இருப்பவர்களுக்கு அது நிலம். "தாத்தா காலத்து ஓலை எல்லாம் இருக்கா அண்ணே, ஒரு தடவை பாக்கணும்" என்று நாம் ஆசையாகக் கேட்பது, அவர்கள் காதில் "என் பங்கு என்ன ஆச்சு?" என்றுதான் விழும். கேட்பவர் பெண் என்றால் சந்தேகம் இரண்டு மடங்கு. 1989-இல் தமிழ்நாட்டில் பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு வந்தது, 2005-இல் நாடு முழுக்க வந்தது, 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சட்டம் படிக்காதவர்களுக்கும் இந்த மூன்றும் தெரியும்.

எங்கள் குடும்பம் டெல்டாவில் கோயில் மேளம் வாசித்த குடும்பம். நான் மெல்போர்னுக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. சாதக ஓலைகள், பாட்டு எழுதிய சுவடிக் கட்டு, வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரங்கள், கோயில் ஊழியத்துக்காகக் கிடைத்த மானிய நிலத்துக்கு அறுபதுகளில் வந்த உத்தரவு எல்லாம் அதில் இருப்பதாக அப்பா சொல்வார். பெரியப்பா மகனிடம் போனில் கேட்டேன். "எல்லாம் பத்திரமா இருக்கும்மா, நீ வா" என்றார்.

போனபின் பெட்டி இறங்கவில்லை. முதலில் சாவி கிடைக்கவில்லை. அப்புறம் பத்திரம் எழுதுகிறவர் ஒருவர், டைப் அடித்த தாள்களோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். விடுதலைப் பத்திரம். அப்பா வழியில் எனக்கு வரும் பாகத்தை அண்ணனுக்கே விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. "பெட்டி எங்கேயும் போயிடாது. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நிதானமா உக்காந்து பாரு" என்றார் அண்ணன். அந்த வயலில் எனக்கு ஆசை கிடையாது. ஆனால் சொத்து விவரத்தின் கடைசி வரியில் அம்மா தன் நகையை விற்று வாங்கிய மனைக்கட்டும் இருந்தது. அது பூர்வீகம் இல்லை. அதில் கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்கும் உரிமை உண்டு. "இது எப்படி இதுல வந்தது அண்ணே?" என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது.

சாயங்காலம் உறவுக்காரர்கள் கூடினார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு எதுக்குடி இந்த ஓலை? அங்கே உன் புள்ளைங்க இதைப் படிக்கப் போகுதா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அண்ணி அடுப்படியிலிருந்தபடியே, "சின்ன மாமா படுக்கையில கெடந்தப்போ கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது நாங்க" என்றார். அது உண்மை. அந்த மாதங்களில் நான் அப்பாவைப் பார்த்தது வீடியோவில்தான். ஒவ்வொரு தடவையும் அண்ணிதான் அப்பாவின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் "சும்மா விசாரிச்சிட்டு வரலாம்" என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே டோக்கன் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. அன்று முகூர்த்த நாள், வாசல் வரை கூட்டம். எனக்கு ஆதார் இல்லை, வெளிநாட்டு பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையும்தான். அதை வைத்துப் பதியலாமா கூடாதா என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்கள். "ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்றார் பத்திரம் எழுதுகிறவர். மனைக்கட்டை எடுத்துவிட்டு வேறு தாள் அடித்துக் கொடுங்கள், தங்கையும் பார்க்கட்டும் என்றேன். அண்ணன் எழுந்து போய் வண்டியைக் கிளப்பினார். வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. நான் புறப்படும் நாள் வரை பேசவில்லை.

ஆகவே சொல்கிறேன். ஓலை, சுவடி, பத்திரம் என்ற பேச்சை எடுப்பதற்கு முன் சொத்துப் பேச்சை முடித்துவிடுங்கள். ஊருக்குப் போய் அல்ல, இங்கிருந்தே. கூடப்பிறந்தவர்களிடம் பேசி என்ன தரப்போகிறோம், எதைத் தரமாட்டோம் என்று ஒரே குரலில் சொல்லுங்கள். மாதிரிப் பத்திரத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். சொத்து விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். நேரம் இல்லை, பவர் (நமக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்புகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். பொதுப் பவர் ஒருவர் கைக்குப் போனால் எந்தச் சர்வே எண் யாருக்குப் போனது என்று நமக்குத் தெரியவே வராது. குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கான பவர் என்றால் சரி. தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புங்கள். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

கடைசியில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கட்டு. அண்ணி மஞ்சள் பையில் சுற்றி எடுத்து வந்து, "இதை மட்டும் பாத்துக்க, மத்ததெல்லாம் அவரு இருக்கும்போது" என்று வைத்துவிட்டுப் போனார். தாத்தாவின் சாதக ஓலையும் ஒரு பழைய அடமானப் பத்திரமும்.

ஓலையின் ஓரத்தில் மஞ்சள் தடவிய தடம் இன்னும் இருந்தது. எழுத்துக்கு மேல் புள்ளி கிடையாது. மெய்யா உயிர்மெய்யா என்று நாமேதான் பிரித்துப் படிக்க வேண்டும். எண்கள் ௧, ௨, ௩ என்று தமிழில் இருக்கும். வருஷத்தின் பெயருக்குப் பக்கத்தில் ௵ என்ற குறி வரும். குரோதி ௵ என்று பார்த்ததும் குதிக்காதீர்கள். 1844, 1904, 1964 எல்லாமே குரோதிதான். எந்தச் சுற்று என்று தெரிய வேறு ஒரு ஆதாரம் வேண்டும். எனக்கு அந்த அடமானப் பத்திரம் உதவியது. அது பதிவான வருஷத்தில் தாத்தா மைனர், கார்டியன் தகப்பனார் என்று எழுதியிருந்ததால் 1904 என்று முடிவுசெய்ய முடிந்தது. ஓலைக்கு எண்ணெய் தடவுவது, வெயிலில் காய வைப்பது எல்லாம் நீங்களாகச் செய்ய வேண்டாம். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது, அங்கே கேளுங்கள். படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள், கீறல் எழுத்து எழும்பித் தெரியும்.

பழைய பத்திரம் கைக்கு வந்தால் முன்பக்கத்தை விடப் பின்பக்கத்தைக் கவனமாகப் படம் எடுங்கள். பதிவு எண், வருஷம், புத்தகம், வால்யூம், பக்கம், எந்த சார்பதிவகம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அது கிடைத்துவிட்டால் பெட்டி திறக்காவிட்டாலும் வழி உண்டு. பதிவான பத்திரத்தின் நகல் அலுவலகத்தில் இருக்கிறது. 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவுப்படி, நிலம், வீடு சம்பந்தப்பட்ட 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் காலமான பிறகு அதன் நகலையும் யாரும் கேட்கலாம். நிலம், வீடு சம்பந்தப்படாத பத்திரங்கள் இருக்கும் 4-ஆம் புத்தகம்தான் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும். "நீங்க யாரு, வாரிசுச் சான்று இருக்கா?" என்று என்னைக் கேட்டார்கள். பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதிக் கொடுத்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள்.

இணையத்தில் வில்லங்கம் போட்டால் பெரும்பாலும் எழுபதுகளின் நடுப்பகுதி வரைதான் போகும். அதற்கு முந்தையதற்குக் கையால்தான் தேட வேண்டும், அட்டவணையில் பெயர் வாரியாகவும் கிராம வாரியாகவும். முகூர்த்த நாளில் போகவே போகாதீர்கள். அஷ்டமி, நவமியில் போங்கள். அன்று யாரும் பத்திரம் பதிய வரமாட்டார்கள், பழைய வால்யூமை எடுத்துத் தர ஆட்களுக்கு நேரம் இருக்கும்.

பழைய பத்திரத்தில் பாகம் பாகமாகக் குடும்பம் இருக்கும். இன்னார் குமாரர் இன்னார், இன்ன கிராமம், இன்ன தொழில் என்று ஆரம்பிக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அநேகமாக மாமன், மச்சானாக இருப்பார். சக்குபந்தி என்ற நான்கு எல்லை விவரத்தில் பக்கத்து வயல்காரர் பெயர் வரும், அவரும் பெரும்பாலும் பங்காளியே. எங்கள் அடமானப் பத்திரத்தின் சாட்சியில்தான் பாட்டியின் அண்ணன் பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டில் யாருக்கும் அது நினைவில் இல்லை. அளவு வேலி, மா, குழி என்று இருக்கும். 100 குழி 1 மா, 20 மா 1 வேலி. வேலி என்பது கிட்டத்தட்ட ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.

எந்த ஆபீசில் கேட்பது என்பதில் டெல்டாக்காரர்களுக்குத் தனிக் குழப்பம். 1991 வரை எல்லாம் தஞ்சாவூர் மாவட்டம். அப்புறம் நாகப்பட்டினம் பிரிந்தது, 2020-இல் அதிலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. ஒரே கிராமத்தின் கணக்கு மூன்று கலெக்டர் ஆபீசுக்குச் சிதறியிருக்கும். 1980-இல் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தபோது பல ஊர்களில் பழைய கணக்குகள் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. எண்பதுகளில் யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் வந்து பல இடங்களில் சர்வே எண்களும் மாறின. பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று வி.ஏ.ஓ.விடம் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மானியம் அனுபவித்த குடும்பம் என்றால், கோயில் ஊழியமோ, ஊர் ஊழியமோ, வேதம் ஓதியதோ எதுவானாலும், சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கட்டாயம் போங்கள். 1858-இல் அமைத்த இனாம் (மானிய) கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்துப் பதிவேடு எழுதியது. வக்கீல்கள் அதை ஐ.எஃப்.ஆர். (இனாம் ஃபேர் ரிஜிஸ்டர்) என்பார்கள். மானியம் எதற்காக வந்தது, முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் பெயர், வயது, முதலில் பெற்றவருக்கு என்ன உறவு, வாரிசு யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஆங்கிலக் கையெழுத்து, ஊர்ப் பெயர் அந்தக் கால எழுத்துக்கூட்டலில் இருக்கும். மயிலாடுதுறையை மாயவரம் என்றுதான் தேட வேண்டும். வருஷம் பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில் வரும், 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம். எங்கள் கிராமத்துக்கு உரிய பக்கத்தில் கோயில் மேள ஊழியம் என்ற வரிக்கு நேரே ஒரு பெயர், வயது, அதற்குக் கீழே அவர் மகன் பெயர் இருந்தது. மகன் பெயர்தான் என் தாத்தாவின் பெயர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம், ஆகவே இந்த மகன் தாத்தாவின் தாத்தா. அந்த மேஜையிலேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் அங்கே படிக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள் ஆய்வு செய்யச் சிறப்பு அனுமதி வேண்டும் என்று 2021-இல் விதி வந்திருக்கிறது. குடும்பத் தேடல் அதில் சேருமா என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

தஞ்சாவூர் அரண்மனையோடு தொடர்பு இருந்தவர்கள், குறிப்பாகப் பாட்டு, நாட்டியம், வைத்தியம் என்று இருந்தவர்கள், மராட்டியர் காலத்தில் மோடி என்ற எழுத்தில் எழுதிய ஆவணங்களை விடாதீர்கள். தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றைத் தமிழாக்கி அச்சிட்டிருக்கிறது. காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவுகள் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலேயே பார்க்கலாம். தரங்கம்பாடி லுத்தரன் குடும்பங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்து மிஷன் காப்பகத்தில் கேட்க வேண்டும்.

எது கிடைத்தாலும் இரண்டு செட் அச்சடித்து, ஒன்றை ஊரில் இருப்பவர்களிடம் கொடுங்கள். இனாம் பதிவேட்டுப் பக்கத்தின் நகலை அண்ணனுக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. அண்ணி மட்டும் வந்து சேர்ந்தது என்று வாட்ஸ்அப்பில் சொன்னார்.

விடுதலைப் பத்திரம் நான் எழுதிக் கொடுக்கத்தான் போகிறேன். வயல் அவர்களுக்குத்தான், உழைத்தது அவர்கள். மனைக்கட்டு அதில் வராது, தங்கையும் உடன் வருவாள். பெட்டியை நடுக்கூடத்தில் இறக்கி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு தாளையும் ஓலையையும் அண்ணன் முன்னிலையிலேயே படம் எடுத்து முடித்த பிறகுதான் கையெழுத்து. இதை வக்கீல் மூலம் எழுதி அனுப்பியிருக்கிறேன். தை பிறந்ததும் போகிறோம்.