ரவுட்டரில் கரண்ட் போனால் எது நிற்கும், எது போகும்

ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் காற்று கிளம்பிவிட்டால் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன கிளை ஆபீஸ் ஒன்றின் சிஸ்கோ ரவுட்டரை உங்கள் தலையில் கட்டியிருந்தால், அதில் இருக்கும் ரேம், என்வி ரேம், ஃபிளாஷ், ரோம் என்ற நாலு வகை மெமரியில் எது தாங்கும், எது தாங்காது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகி, வேகம் 9600 வைத்து, 'ஷோ வெர்ஷன்' அடியுங்கள். 2901 மாடலில் 483328கே/40960கே என்பது மாதிரி ஒரு வரி வரும். முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ரேம் குறைகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முன்னது பிராசஸருக்கு, பின்னது பாக்கெட் வந்துபோகும் பஃபருக்கு. இரண்டையும் கூட்டினால் 524288கே, அதாவது 512 எம்பி.

ரன்னிங் கன்ஃபிக் (இப்போது ஓடும் செட்டிங்), ரவுட்டிங் டேபிள் (எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்ற பட்டியல்), ஏஆர்பி கேஷ் (ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்ற பட்டியல்) எல்லாம் இந்த ரேமில்தான். கரண்ட் போனால் அத்தனையும் காலி. அடித்த கட்டளை அடித்த கையோடு வேலை செய்வதால் சேவ் ஆகிவிட்டது போலத்தான் தோன்றும், ஆனால் 'காப்பி ரன்னிங்-கன்ஃபிக் ஸ்டார்ட்அப்-கன்ஃபிக்' கொடுத்தால்தான் அது கரண்ட் போனாலும் அழியாத என்வி ரேமுக்குப் போய் நிற்கும். 'ரைட் மெமரி' என்றாலும் அதே வேலைதான். லாக்கில் 'மாலாக்ஃபெயில்' என்று வந்தால் ரேமில் கேட்ட இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

ஃபிளாஷில் ஐஓஎஸ் ஃபைல், அதாவது ரவுட்டரை ஓட்டும் சிஸ்கோவின் ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும், கரண்ட் போனாலும் அழியாது. பழைய 2500 ரவுட்டர்கள் ஐஓஎஸ்ஸை ஃபிளாஷிலிருந்தே ஓட்டின. பின்னால் வந்தவை ரேமில் விரித்துப் போட்டு ஓட்டுகின்றன. அதனால் புது ஐஓஎஸ் ஏற்றும் முன் 'ஷோ ஃபிளாஷ்' பார்த்தால் மட்டும் போதாது, ரேமும் அதற்குத் தேறுமா என்று பாருங்கள். ஃபிளாஷில் ஃபைல் கெட்டுப்போனால் ரவுட்டர் 'ராம்மான்' என்ற ப்ராம்ப்ட்டில் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், அது ரோமில் இருக்கும் குட்டி புரோகிராம், அங்கிருந்தே மீட்டுவிடலாம்.

சரி, சேவ் பண்ணியும் ஒவ்வொரு தடவையும் வெறுமையாக எழுந்து, ஆரம்ப செட்டப் வேண்டுமா என்று கேட்கிறதா? என்வி ரேமைக் குறை சொல்லாதீர்கள். 'ஷோ வெர்ஷன்' கடைசி வரியில் கன்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர், அதாவது ரவுட்டர் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் எண், 2142 என்று முடிகிறதா பாருங்கள். பாஸ்வேர்டு மறந்தவர்கள் உள்ளே நுழைய வைக்கிற எண் அது. என்வி ரேமில் கன்ஃபிக் பத்திரமாக இருந்தாலும் ரவுட்டர் அதைத் திரும்பிப் பார்க்காது. செகண்ட் ஹேண்டில் வாங்கியதில் இது அடிக்கடி இருக்கும். முதலில் 'காப்பி ஸ்டார்ட்அப்-கன்ஃபிக் ரன்னிங்-கன்ஃபிக்' கொடுத்துப் பழையதை மேலே எடுங்கள், அதற்கு முன் சேவ் பண்ணினால் வெறும் கன்ஃபிக் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பிறகு ரெஜிஸ்டரை வழக்கமான எண்ணான 2102க்கு மாற்றி, சேவ் பண்ணி, 'ஷோ வெர்ஷன்' இன்னொரு முறை அடியுங்கள். அடுத்த ரீலோடில் 2102 ஆகும் என்று அதே வரியில் காட்டினால், பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்க்கலாம்.