கம்பாருக்குக் குடிபோகும் முன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டில் இரவு பத்து மணிக்கு விளக்கெரியும் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். செம்பனைத் தோட்டத்து இருட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஈப்போவைத் தாண்டி, பல்கலைக்கழக ஊரான கம்பாரில் இறங்கியதும் மயங்குவதில் வியப்பில்லை. நள்ளிரவிலும் தேநீர் கிடைக்கிறது. தெருவெங்கும் இருபது வயது முகங்கள். "அத்தை, படிப்பு முடிந்தாலும் இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்றாள் என் அண்ணன் மகள். தாராளமாக இருக்கட்டும். ஆனால் நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் அங்கே திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகள் உண்டு.

முதல் தவறு, வகுப்புகள் நடக்கும் வாரத்தில் மட்டும் ஊரைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது. கம்பார் ஈயத்தால் வளர்ந்த ஊர். 1985இல் ஈயத்தின் விலை விழுந்தபோது கம்பார் அடங்கிய கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் ஒடுங்கியது. 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் அங்கே வளாகம் திறந்த பிறகுதான் புதுநகர்ப் பகுதியில் கடைகளும் வாடகை அறைகளும் பெருகின. அந்தக் கலகலப்பு மாணவர்களோடு வந்தது. விடுமுறை விட்டால் அவர்களோடு பஸ் ஏறிவிடும். அங்கே சோற்றுக்கடை போட நினைக்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. பால்மரம் என்னும் ரப்பர் மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் குறையும் என்று தெரிந்துதான் நம் தாத்தா பாட்டிகள் குடும்பக் கணக்குப் போட்டார்கள். அதே கணக்குத்தான் இதுவும். விடுமுறையில் ஒருமுறை போய், மாலை ஏழு மணிக்குத் தெருவில் நடந்து பாருங்கள்.

அடுத்தது வாடகை அறை. கட்டில் உண்டா, இணையம் உண்டா என்று கேட்பவர்கள், ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்று கேட்பதில்லை. பன்னிரண்டு மாத ஒப்பந்தமென்றால் விடுமுறைக்கும் வாடகை உண்டு. குளிர்சாதனத்துக்கான மின்கட்டணம் தனியா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம். அதைத் திரும்பப் பெறுவதில்தான் தலைவலி. என் அண்ணன் மகள் குடியேறிய அன்றே காற்றாடி ஓடவில்லை. படம் எடுத்து வைக்கவில்லை. காலி செய்த நாளில், அதை அவள்தான் கெடுத்தாள் என்று பணத்தைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். எங்களிடம் ரசீதுகூட இல்லை, யாரை நோவது?

இனிச் சின்ன விஷயங்கள். ரயிலிலேயே வாராவாரம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஈடிஎஸ் என்னும் விரைவு மின்ரயில்கள் எல்லாமும் நம்மூரில் நிற்பதில்லை. ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிய ஈயக்குட்டைகள் மாலை வெயிலில் அழகுதான், ஆனால் குளிக்க இறங்கக் கூடாது. கரையை விட்டு இரண்டடி வைப்பதற்குள் ஆழம் வந்துவிடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு ஒன்று: அறை, வகுப்பு, நம் பிள்ளைகள் கூடும் ஒரே சாப்பாட்டுக் கடை என்று அங்கேயும் தோட்டத்து வரிசை வீடுகளைப் போல ஒரு லயத்தைக் கட்டிக்கொள்வது. பழைய கம்பாரின் கடைவீதிக்குக்கூடப் போகாமல் பட்டம் வாங்கித் திரும்புகிறார்கள். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை ஜப்பானியப் படையை மறித்துப் போர் நடந்தது அந்த ஊரை ஒட்டிய குன்றுகளில்தான். பஞ்சாப் படைப்பிரிவின் சீக்கியர்கள் துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்த இடம். மூன்று வருடம் அங்கே இருந்த என் அண்ணன் மகள், அது எந்தப் பக்கம் என்று என்னிடம்தான் கேட்டாள்.