கவிழ்ந்த கொள்கைகளைப் பற்றிப் பேசும்போது நேரும் தவறுகள்

பள்ளிப் பேச்சுப்போட்டியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அடிக்கடி காதில் விழும் வாதம் இது: "நேற்று விஞ்ஞானி சொன்னது இன்றைக்குப் பொய். இன்றைக்குச் சொல்வது நாளைக்குப் பொய்." கேட்கும்போது சரியென்றுதான் படும். ஒரு கொள்கை கவிழும்போது அதில் விழுந்தது எது, நின்றது எது என்று பிரித்துப் பார்க்காதவர்தான் இப்படிப் பேசுவார். குமரி மாவட்டத்துக்காரர் இதைப் புரிந்துகொள்ள வெளியூர் உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை.

கேள்வியையும் விடையையும் ஒன்றாக்குவது

லெமூரியாவையே எடுத்துக்கொள்வோம். 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளருக்கு ஒரு சிக்கல். மடகாஸ்கரில் லெமூர்கள் (குரங்குக்கு உறவான மர விலங்குகள்) ஏராளம், இந்தியாவிலோ அவற்றின் தூரத்துச் சொந்தமான தேவாங்கு இருக்கிறது, நடுவில் கடல். இடையே நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்து, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்கள் பக்கவாட்டில் நகரும் என்று யாரும் ஏற்காத காலம் அது. அன்றைக்கு அது நியாயமான விடைதான். இன்றைய அறிவை வைத்து அவரைக் கேலி செய்வது முதல் தவறு.

1912-ல் ஆல்ஃபிரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். "மேதையை உலகம் ஒதுக்கியது" என்று இதைச் சொல்வது வழக்கம். ஆனால் கண்டத்தைத் தள்ளும் விசையாக அவர் காட்டியவை மிகச் சிறியவை. புவியியலாளர்கள் மறுத்ததில் நியாயம் இருந்தது. 1960களில் நடுக்கடல் மலைத்தொடரின் இரு பக்கமும் பாறையில் பதிந்த காந்தப் பட்டைகள் ஒரே வரிசையில் அமைந்திருப்பது தெரிந்தது. கடற்தரை அங்கே புதிதாகப் பிறந்து இருபுறமும் விலகுகிறது என்பதற்கு அது சான்று. லெமூரியாவுக்கு அதன்பின் இடமில்லை. கண்டப் பாறை இலேசானது, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தடிமன் கொண்டது. கடற்தரைப் பாறை அடர்த்தி கூடியது, தடிமன் 7 கிலோமீட்டர் அளவுதான். தண்ணீரில் கட்டுமரம் மிதப்பதுபோல் மிதக்கும் கண்டம், ஆழ்கடலில் அமிழ்ந்து சுவடில்லாமல் போவதற்கு வழி இல்லை.

பலர் தாண்டிப்போகும் விவரம் இனிதான் வருகிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து சுமார் 8.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. லெமூர்களின் முன்னோர் மடகாஸ்கருக்கு வந்தது அதற்குப் பிறகு. ஆப்பிரிக்காவிலிருந்து மிதந்துவந்த மரம் செடிகளில் ஒட்டிக்கொண்டு வந்தன என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆக, கண்டநகர்வு ஸ்கிளேட்டரின் விடையைக் கவிழ்த்தது. அவருடைய கேள்விக்கு விடை வேறு இடத்திலிருந்து வந்தது.

எதிர்ப்பக்கத்திலும் தவறு நடக்கிறது. லெமூரியா இல்லை என்றதும், கடல் நிலத்தைக் கொண்ட செய்தி எல்லாமே கட்டுக்கதை என்று சொல்லிவிடுகிறார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்குள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அப்போது தரை. குமரிமுனைக்குத் தெற்கேயும் கரை இன்னும் தள்ளித்தான் இருந்தது. கரையோர நிலம் கடலுக்குள் போனது உண்மை. மடகாஸ்கர் வரை நீண்ட கண்டம் உண்மையில்லை. இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள். ஒன்றை மற்றதற்குச் சான்றாக வைக்காதீர்கள்.

2017-ல் மொரீஷியஸ் தீவின் எரிமலைப் பாறையில் 250 முதல் 300 கோடி ஆண்டு பழமையான சிர்கான் என்ற கனிம மணிகள் இருப்பது வெளியானபோது, "லெமூரியா கிடைத்துவிட்டது" என்று செய்தி பறந்தது. குமரிக் கடற்கரையில் மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் இல்மனைட் என்ற கனிமத்தோடு பிரித்தெடுக்கிறார்களே, அதே சிர்கான். எளிதில் கரையாது, தேயாது. உள்ளே இருக்கும் யுரேனியம் ஈயமாக மாறும் வேகத்தை வைத்து அதன் வயதைக் கணக்கிடலாம். அந்த மணிகள் காட்டியது எரிமலைக்கு அடியில் பழைய கண்டத்துண்டு ஒன்று இருப்பதை. அந்தத் துண்டு உடைந்து பிரிந்தது பல கோடி ஆண்டுகளுக்கு முன். மனித இனத்தின் வயதோ சுமார் 3 லட்சம் ஆண்டுகள். இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் வயதைப் பாருங்கள். பாதிச் செய்தி அங்கேயே விழுந்துவிடும்.

ஒரே வீரனின் கதையாக்குவது

குடல்புண் விஷயம் இன்னும் சுவையானது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய ஹோவர்ட் சோமர்வெல், பின்னர் குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தார். தெற்குத் திருவிதாங்கூரில் அப்போது குடல்புண் மிக அதிகம். மரச்சீனி (மரவள்ளி) கிழங்கையே பெரிதும் நம்பிய, சத்துக் குறைந்த உணவின்மேல் பழி விழுந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் அதே மாதிரி உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகளுக்கும் புண் வந்தது. பிறகு அமிலம், காரம், மனக்கவலை என்று காரணங்கள் பெருகின.

1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும், குடல்புண்ணுக்குப் பெரிதும் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை வளர்த்தெடுத்தார்கள். வழக்கமாக இரண்டு நாளில் எறிந்துவிடும் தட்டுகள் ஈஸ்டர் விடுமுறையால் கூடுதல் நாள் கிடந்ததால்தான் கிருமி வளர்ந்தது. அது நோய் தருமா என்று பார்க்க, 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

"குடித்தார், அல்சர் வந்தது, நிரூபித்தார்" என்று சொல்லாதீர்கள். அவருக்கு வந்தது இரைப்பை அழற்சி, புண் வரவில்லை. கிருமியை ஒழித்தால் புண் திரும்ப வருவது பெரிதும் குறைகிறது என்ற சிகிச்சை ஆய்வுகளே மருத்துவ உலகை மாற்றின. அதற்குப் பத்தாண்டு பிடித்தது. நெய்யூரில் செய்த அறுவைகள் வீண் என்பதும் தவறு. புண் ஆறிய தழும்பால் இரைப்பையின் கீழ்வாய் சுருங்கிப்போனவருக்கு, உணவு இறங்க அன்று வேறு வழி கிடையாது. கிருமி உள்ள எல்லோருக்கும் புண் வருவதுமில்லை. அதனால் உணவின் பங்கு பற்றிய கேள்வி இன்னும் மூடப்படவில்லை. வலிமாத்திரையாலும் புண் வரும்.

வீட்டுக்கு இதில் வேண்டியது இவ்வளவுதான்: மூச்சு அல்லது மலப் பரிசோதனைக்கு முன், அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். பெரும்பாலும் 14 நாள் தரும் மருந்தை, வலி நின்றதும் விட்டுவிடக் கூடாது.

சமூக வழக்கத்தையும் இதே தட்டில் வைப்பது

திருவிதாங்கூரில் நாடார் முதலிய சாதிப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்றிருந்த தோள்சீலைத் தடையை "அக்கால மூடநம்பிக்கை, கல்வி வந்ததும் போய்விட்டது" என்று எழுதுகிறார்கள். கண்டநகர்வுபோல் சான்று கண்டு யாரும் மனம் மாறிய விஷயமல்ல இது. தடையால் லாபம் அடைந்தவர்கள் இருந்தார்கள். 1822 முதலே கல்குளம், இரணியல் பக்கங்களில் அடிதடி. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் ஆண்களை, அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த தலைப்பாகையைக் கட்டிவரச் சொன்னது 1859 அரசாணைக்கு முன்பே.

1859 ஜூலை 26 என்ற தேதியை மட்டும் போட்டு "உரிமை கிடைத்தது" என்று முடிப்பதும் அரைகுறை. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அந்த ஆணையிலேயே, உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. தேதியை எழுதினால் நிபந்தனையையும் சேர்த்து எழுத வேண்டும். அதே திருவிதாங்கூரில் எல்லா இந்துக்களுக்கும் அரசுக் கோயில் கதவு திறந்தது 1936 நவம்பர் 12-ல். இடையில் 77 ஆண்டுகள்.