ஹெல்மெட் ஏன் கண்ணாடியில் தொங்குகிறது? பிறர் மனதை மாற்ற நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

என் தம்பியின் வண்டியில் ஹெல்மெட் எப்போதும் இருக்கும். இடது பக்கக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருக்கும். சிக்னல் கண்ணுக்குத் தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டி மாட்டிக்கொள்வான். போலீஸைத் தாண்டி இரண்டு தெரு போனதும் கழற்றிவிடுவான். "ஹெல்மெட் அவசியமாடா?" என்று கேட்டால், "என்னக்கா இப்படிக் கேக்குற, உயிராச்சே!" என்பான். அவன் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நினைக்கிறான்.

ஹெல்மெட் அணிந்தால் விபத்தில் உயிர் போகும் வாய்ப்பு சுமார் 42 விழுக்காடும், தலைக்காயம் சுமார் 69 விழுக்காடும் குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். விபத்து வீடியோக்களை அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சமூக உளவியலைக் கொஞ்சம் படித்தபோதுதான், தவறு அவனிடம் மட்டும் இல்லை, நான் போன வழியிலும் இருந்தது என்று புரிந்தது. வீட்டிலும் பள்ளியிலும் விழிப்புணர்வு முகாமிலும் நாம் திரும்பத் திரும்பச் செய்வது இதே தவறுகளைத்தான்.

முதல் தவறு, ஒருவர் வாயால் சொல்வதை வைத்து அவர் என்ன செய்வார் என்று முடிவுகட்டுவது. அமெரிக்காவில் ரிச்சர்ட் லாபியர் என்ற பேராசிரியர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீன இளைஞரோடும் அவர் மனைவியோடும் நாடு முழுக்கக் காரில் சுற்றினார். சீனர்கள் மீது வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம் அது. தங்கும் விடுதி, உணவகம் என்று 251 இடங்களுக்குப் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, "சீனர்கள் வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்டார். பதில் போட்ட 128 பேரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் "மாட்டோம்" என்றே எழுதியிருந்தார்கள். 1934ல் வெளியான இந்த ஆய்வில் குறை உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு இது மறக்க முடியாத ஆய்வு. கடிதத்தில் இருப்பது "சீனர்கள்" என்ற ஒரு சொல். வாசலில் நிற்பதோ களைத்துப்போய், சிரித்த முகத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு மனிதர்கள். கேள்வியும் சூழலும் வேறு வேறாக இருக்கும்போது பதிலும் செயலும் மட்டும் எப்படி ஒத்துப்போகும்?

இதிலிருந்து வருவது அடுத்த தவறு: பொத்தாம்பொதுவாகக் கேட்பது. டேவிட்சன், ஜக்கார்ட் என்ற இருவர் 1979ல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. கருத்தடை பற்றிப் பெண்கள் பொதுவாக என்ன நினைக்கிறார்கள் என்பதற்கும், அடுத்த இரண்டு ஆண்டில் அவர்கள் கருத்தடை மாத்திரை சாப்பிட்டார்களா என்பதற்கும் இருந்த தொடர்பு 0.08 மட்டுமே. பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். "அடுத்த இரண்டு ஆண்டில் நீங்களே மாத்திரை சாப்பிடுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று குறிப்பாகக் கேட்டதும் அது 0.57 ஆனது.

இதைப் படித்த அன்று தம்பியிடம் கேள்வியை மாற்றிக் கேட்டேன். "நாளைக்குக் காலையில பால் வாங்கப் போகும்போது ஹெல்மெட் போடுவியா?"

"அட, பக்கத்துத் தெருவுக்கா!"

இத்தனை வருடமாக நான் தேடியது இந்தப் பதிலைத்தான். ஹெல்மெட் நல்லது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்துத் தெருவில் விபத்து நடக்காது என்பதுதான் அவனை நடத்திய நம்பிக்கை. அதைத் தொடாமல் "தலைக்கவசம் உயிர்க்கவசம்" என்று எத்தனை முறை சொல்லி என்ன பயன்? ஐசெக் ஐசன் என்ற உளவியலாளர், ஒரு செயலை ஒருவர் செய்ய முனைவதற்குப் பின்னால் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்: அந்தச் செயலைப் பற்றி அவர் நினைப்பது, அவருக்கு வேண்டியவர்கள் நினைப்பதாக அவர் கருதுவது, அது தன்னால் முடியும் என்று அவருக்குத் தோன்றுவது. தம்பியோடு வண்டி ஓட்டும் நண்பர்கள் யாரும் போடுவதில்லை, வியர்த்துக் கொட்டுகிறது, கழற்றினால் வைக்க இடமில்லை. இவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்டதே இல்லை.

அடுத்தது பயமுறுத்துவது. எல்லோரும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். 1965ல் ஹோவர்ட் லெவென்தாலும் அவருடன் இருந்தவர்களும் யேல் பல்கலைக்கழக மாணவர்களை டெட்டனஸ் ஊசி போடவைக்க முயன்றார்கள். சிலருக்குக் கொடூரமான படங்களோடு குறிப்பேடு, சிலருக்கு மென்மையான குறிப்பேடு. பயந்தவர்கள் "கட்டாயம் போட்டுக்கொள்வேன்" என்று அதிகமாகச் சொன்னார்கள். ஆனால் ஊசி போடப் போனவர்கள் யார்? வளாக வரைபடத்தில் மருத்துவ மையத்தை வட்டமிட்டுக் கொடுத்து, "உன் வாரத்தில் எந்த நேரம் அந்தப் பக்கம் போவாய்?" என்று யோசிக்க வைத்தார்களே, அவர்கள். அவர்களில் சுமார் 28 விழுக்காட்டினர் போனார்கள். பயமும் தகவலும் மட்டும் கிடைத்தவர்களில் சுமார் 3 விழுக்காடு. மருத்துவ மையம் எங்கே இருக்கிறது என்பது அந்த மாணவர்கள் பலருக்கு முன்பே தெரியும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆசைக்கும் செயலுக்கும் இடையில் நேரமும் இடமும் குறித்த ஒரு சின்ன ஏற்பாடு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பரிசும் தண்டனையும் பெரிதாக இருந்தால் மனம் மாறும் என்று நம்புவதும் தவறே. ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் 1959ல் மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலையைக் கொடுத்து, அடுத்து வருபவரிடம் "நன்றாக இருந்தது" என்று சொல்லச் சொன்னார்கள். அதற்கு 20 டாலர் வாங்கியவர்களைவிட, 1 டாலர் வாங்கியவர்களே பின்னர் அந்த வேலை உண்மையிலேயே பிடித்திருந்ததாக அதிகம் சொன்னார்கள். கைநிறையக் காசு வாங்கியவருக்குத் தான் சொன்ன பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. மற்றவர் தன் மனதையே வளைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. குழந்தை வளர்ப்பவர்கள் 1973ல் மார்க் லெப்பர் குழுவினர் செய்த ஆய்வையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாக வரைந்துகொண்டிருந்த சின்னக் குழந்தைகளிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று சொல்லித் தந்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசு எதிர்பார்க்காத குழந்தைகள் வரைந்த நேரத்தில் பாதிதான் இவர்கள் வரைந்தார்கள். புத்தகம் படித்தால் பத்து ரூபாய் என்று பிள்ளையிடம் பேரம் பேசுகிறவர்கள், தானாகப் படிக்கும் பிள்ளையிடமாவது அதைச் செய்யாதீர்கள். அபராதமும் இப்படித்தான். ஆயிரம் ரூபாய் போய்விடுமே என்று போடுகிற ஹெல்மெட், போலீஸ் நிற்கும் இடத்தைத் தாண்டியதும் கழன்றுவிடுகிறது.

குடும்ப வாட்ஸாப் குழுவில் வதந்தியை மறுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பொய்யையே தலைப்பாகப் போட்டு மறுக்காதீர்கள். திரும்பத் திரும்பக் காதில் விழும் வாக்கியம் உண்மை போலத் தோன்றத் தொடங்கும் என்பது 1977லேயே ஆய்வில் தெரிந்த விஷயம். உண்மையை முதலில் சொல்லுங்கள்.

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். இப்போது வண்டிச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குவதில்லை. ஹெல்மெட்டுக்குள் கிடக்கிறது. சாவி வேண்டுமென்றால் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாக வேண்டும். கையில் எடுத்ததைத் தலையில் வைக்க அவனுக்குத் தனியாக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதமாகப் பால் கடைக்கும் போட்டுக்கொண்டுதான் போகிறான். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனிடம், "பக்கத்துத் தெருன்னா என்னடா, அடிபடாதா?" என்று அவனே கேட்டுக்கொண்டிருந்தான்.

கழுத்துப்பட்டையை மட்டும் இன்னும் பூட்டுவதில்லை. அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.