வேதத்தை நம்பாமல் கடவுளை நம்பலாமா? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் இந்தக் கேள்வி கிளம்புவது பெரும்பாலும் கல்யாண வீட்டில்தான். பந்தி முடிந்து நாலு பேர் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது காலேஜ் படிக்கிற பையன் ஒருவன், "சாமி இருக்குங்க பெரியப்பா, ஆனா வேதம், பைபிள், குரான் எல்லாம் மனுஷன் எழுதினதுதானே" என்று வாயை விடுவான். "அப்போ நீ நாத்திகன்னு சொல்லு" என்று பெரியப்பா பேச்சை முடித்துவிடுவார். பையனுக்குப் பதில் வராது. பெரியப்பாவுக்கும் தான் சொன்னது ஏன் சரி என்று தெரியாது. அந்தப் பையன் நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடவுள் உண்டு என்று நம்ப வேதமோ பைபிளோ குரானோ, எந்தப் புனித நூலும் தேவையில்லை. ஆனால் கடவுள் இன்னது சொன்னார், இன்னது தருவார் என்று நம்புவதற்கு ஒரு நூலோ, நூலுக்குச் சமமான ஒரு சாட்சியோ இல்லாமல் முடியாது. நூலை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு, அது கொடுத்த வாக்குறுதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். நீங்கள் அதில் சேர்த்தியா இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மனசுக்குள்ளேயே செய்தால் வேலைக்கு ஆகாது, எழுத வேண்டும். இடது பக்கம், நீங்கள் உண்மையிலேயே நம்புகிறவற்றை வரிசையாக எழுதுங்கள். கடவுள் இருக்கிறார். ஒருவர்தான். நான் கும்பிடுவது அவர் காதில் விழுகிறது. செய்த தப்பை மன்னிப்பார். செத்த பிறகும் ஏதோ இருக்கிறது. வெள்ளிக்கிழமை கறி சாப்பிடக்கூடாது. எதையும் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள், கறி விஷயம்தான் கடைசிவரை கூட வரும். வலது பக்கம், ஒவ்வொன்றும் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: யோசித்ததா, அனுபவித்ததா, வீட்டுப் பெரியவர்கள் சொன்னதா, நூலில் படித்ததா. நேர்மையாக எழுதினால் பாதிக்கு மேல் "அம்மா சொன்னது" என்றுதான் வரும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு யார் சொன்னது, அவருக்குச் சொன்னவருக்கு யார் சொன்னது என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போய்ப் பாருங்கள். சில வரிகள் ஒரு கோயில் பிரசங்கத்திலோ ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலோ மதரசாவிலோ போய் நிற்கும், அதாவது நூலில் போய் நிற்கும்.

இப்போது, அந்த நூல் எழுதப்படவே இல்லை என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அடித்துப் பாருங்கள். "இந்த உலகத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்" அடிபடாது. "நல்லது கெட்டது என்று உள்ளே ஒன்று சொல்கிறதே, அது சும்மா வந்ததில்லை" என்பதும் நிற்கும், அதை வைத்து வாதாடலாம். "மன்னிப்பார்" விழுந்துவிடும். படைத்தவர் ஒருவர் உண்டு என்று யோசித்துக் கண்டுபிடித்தாலும், அவர் மன்னிக்கிறவர் என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது வந்து சொல்லித்தான் தெரிய வேண்டும். ஏழு பிறவி, சொர்க்கம், தீர்ப்பு நாள், அவருடைய பெயர், அவருக்குப் பிடித்த கிழமை எல்லாம் இந்தப் பக்கம்தான். இந்த இடத்தில் பலருக்குக் கொஞ்சம் கலங்கும். கலங்கினால் சரியாகத்தான் செய்கிறீர்கள்.

அடுத்து, இது இன்றைக்கு மொபைலில் பிறந்த கேள்வி இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லது. பெரியப்பா சொல்வதுபோல் கடவுளும் வேதமும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் என்றால், நம் நாட்டுப் பழைய பண்டிதர்கள் அவற்றைப் பிரித்து வைத்துப் பல நூற்றாண்டு சண்டை போட்டிருக்க மாட்டார்கள். வேதச் சடங்குகளுக்கு விளக்கம் சொன்ன மீமாம்சை என்ற தத்துவக் கட்சிக்காரர்கள் வேதத்தைத் துளியும் விட்டுக்கொடுக்காதவர்கள், ஆனால் அதை எழுதிய கடவுள் என்று ஒருவர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வேதம் யாராலும் செய்யப்படாதது, செய்தவன் இல்லாததால் தப்பும் இல்லை என்பது அவர்கள் கட்சி. புத்தகம் உண்டு, எழுதியவர் வேண்டாம்! நியாயம் என்ற தர்க்கக் கட்சிக்காரர்கள் இதை அப்படியே புரட்டிப் போட்டார்கள். 10ஆம் நூற்றாண்டில் அவர்களில் ஒருவரான உதயனர் கடவுள் உண்டு என்பதைத் தர்க்கத்தால் நிறுவ ஒரு நூலே எழுதினார். அவர் பார்வையில், கடவுள் சொன்னதால்தான் வேதத்துக்கு மதிப்பு. வேதாந்தத்தில் சங்கரரும் ராமானுஜரும் வேறு எத்தனையோ விஷயத்தில் ஒத்துப்போகாதவர்கள், ஆனால் வெறும் தர்க்கத்தால் பிரம்மத்தை, அதாவது பரம்பொருளை, பிடிக்க முடியாது, சாஸ்திரம்தான் வழி என்பதில் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள். ஆக, "வேதத்தை நம்பாதவன் கடவுளை நம்பாதவன்" என்று யாராவது சொன்னால், எந்தக் கட்சியிலிருந்து பேசுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம்.

தர்க்கத்துக்கு இந்தப் பழைய பண்டிதர்கள் எப்போதும் சொல்லும் உதாரணம், மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்பது. தூரத்து மேகமூட்டத்தைப் புகை என்று நினைத்து ஏமாறலாம் என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஊட்டியில் வாழ்கிறவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். தர்க்கத்தால் கடவுளைக் கண்டுவிட்டேன் என்று தோன்றும்போதெல்லாம், பார்த்தது புகையா மிஸ்டா என்று ஒரு தடவை திரும்பப் பாருங்கள். நூலை நம்புகிறவருக்கு நூல் தப்பாகப் போகலாம், யோசிக்கிறவருக்கு யோசனை தப்பாகப் போகலாம்.

அப்புறம் பக்கத்து வீட்டைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரி வாக்கில் கோத்தகிரி பக்கத்துப் பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகை நடக்கும்போது போயிருந்தால் தெரியும், ஆணும் பெண்ணுமாக வெள்ளை உடுத்தி, நீலகிரி மலைச் சமூகமான படுகர் கூட்டம் மலைச்சரிவு முழுக்க நிறைந்திருக்கும். ஹெத்தை அவர்கள் குலத்தின் மூதாட்டி, தெய்வம். அவள் கதை வாய்வழி வந்தது, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எந்தக் கதை சரி என்று எடுத்துப் பார்க்க ஒரு வேதப் புத்தகம் கிடையாது, அதனால் யார் பக்தியும் குறைந்ததாகத் தெரியவில்லை. இதே மலையில் வாழும் கோத்தர்களுக்கு அய்யனோர், அம்மனோர் என்ற தெய்வங்கள். எருமை வளர்க்கும் தோடர்களின் பால்மனைக் கோயிலில், அதாவது புனித எருமைகளின் பாலைப் பதப்படுத்தும் கோயிலில், சொல்லும் பிரார்த்தனை, பெரும்பகுதி மலைகள், மந்துகள் என்ற தோடர் குடியிருப்புகள், எருமைகள் ஆகியவற்றின் புனிதப் பெயர்களை வரிசையாகச் சொல்வதுதான். 1906இல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அவற்றில் பலவற்றைப் புத்தகமாக அச்சிட்டுவிட்டார், அதற்காகத் தோடர்கள் அந்தப் புத்தகத்தைக் கும்பிடவில்லை.

ஆனால் இதைப் பார்த்துவிட்டு, "ஆகா, நூல் இல்லாத பக்தி எவ்வளவு சுதந்திரமானது" என்று போஸ்ட் போட்டுவிடாதீர்கள். தோடர் பால்மனைக்குள் யார் நுழையலாம், எந்தப் பாத்திரத்தை யார் தொடலாம் என்பதற்கு இருக்கிற கட்டுப்பாடு எந்த ஆகமத்துக்கும் குறைந்ததில்லை. பெண்கள் உள்ளே போக முடியாது. எழுதி வைத்த விதியைத் திறந்து காட்டி "இப்படித்தானே போட்டிருக்கிறது" என்று எதிர்த்து வாதாடலாம். பெரியவர் நினைவில் இருக்கும் விதியோடு எப்படி வாதாடுவது? நூலை விட்டால் அதிகாரமும் போய்விடும் என்பது நகரத்து ஆட்களின் நினைப்பு.

உங்கள் மதம் இதில் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் எல்லா மதமும் ஒன்றே சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1870இல் முதல் வத்திக்கான் சங்கத்தில், கடவுள் உண்டு என்பதை மனித அறிவின் இயல்பான ஒளியாலேயே அறிய முடியும் என்று அறிவித்தது. பைபிளில் ரோமருக்கு எழுதிய நிருபம் முதல் அதிகாரத்திலும் அந்தக் கருத்து இருக்கிறது, அதாவது நூல் இல்லாமல் அறியலாம் என்பதை நூலே சொல்கிறது. புராட்டஸ்டண்ட் மரபில் வேதாகமத்தின் இடம் இன்னும் கறாரானது. இஸ்லாத்தில் இறைவன் அருளிய வேதங்களை நம்புவது ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், ஆறு அம்சங்களில் ஒன்று, ஆகவே அங்கே "அல்லாஹ் மட்டும், வேதம் வேண்டாம்" என்பது கடவுள் நம்பிக்கையாக இருக்கலாம், இஸ்லாமாக ஆகாது. சீக்கியர்களுக்கு நூலே குரு. இந்து வீட்டில் பிறந்தவருக்கு இந்த நெருக்கடி குறைவு. திருவாசகம் கேட்டுக் கண் கலங்குகிறவர்களில் வேதம் படித்தவர் எத்தனை பேர்?

நூலை விட்டுக் கடவுளோடு நின்றவர்களும் இருக்கிறார்கள். தாமஸ் பெயின் என்ற ஆங்கில எழுத்தாளர் 1794இல் பைபிளைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு நூல் எழுதினார், ஆனால் தனக்கு ஒரே கடவுள் மீது நம்பிக்கை உண்டு என்று அதிலேயே சொன்னார். வங்காளத்தில் பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த அமைப்பு 1850 வாக்கில் வேதம் பிழையற்றது என்ற கொள்கையையே கைவிட்டது. நம் வள்ளலார் வேதம், ஆகமம், புராணம் எதிலும் லட்சியம் வைக்க வேண்டாம் என்றார், அருட்பெருஞ்ஜோதியை விடவில்லை. இன்றைக்கு அவரை வழிபடுகிறவர்கள் பலர் திருவருட்பாவை வேதம்போலப் பாராயணம் செய்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தலைமுறை நூலைத் தள்ளினால் அடுத்த தலைமுறைக்கு, தள்ளியவர் எழுதியதே நூலாகிவிடுகிறது. உங்கள் பிள்ளைகளுக்கும் நீங்கள் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு நூலைத் தூக்கிப் பரணில் போட வேண்டியதில்லை. ஏதாவது ஒரு அதிகாரத்தை எடுத்துக்கொண்டு பென்சிலோடு உட்காருங்கள். யார் சொல்லாவிட்டாலும் நான் இதை நம்புவேன் என்கிற வரிக்கு ஒரு கோடு, இவர் சொல்வதால் நம்புகிறேன் என்கிற வரிக்கு இரண்டு கோடு, இதை நம்ப முடியவில்லை என்கிற வரிக்கு ஓரத்தில் ஒரு புள்ளி. நம்பினால் முழுசும், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்று உங்களை யார் கட்டாயப்படுத்தினாலும், கோடுகள் அப்படி விழாது. இரண்டு கோடு போட்ட வரிகளைத்தான் அப்புறம் நிதானமாகப் பார்க்க வேண்டும்: சொன்னவரை ஏன் நம்புகிறேன்? பாட்டி படுக்கையில் கிடந்தபோது அந்த வரி அவரைத் தாங்கியதைப் பார்த்ததாலா, அதைப் பாதிரியார் உரக்கச் சொன்னதாலா? முதல் காரணம் எனக்குப் பெரிய காரணமாகத்தான் படுகிறது, தர்க்கத்தில் அது தேறாது என்றாலும்.

வீட்டில் சொல்லும்போது "நான் வேதத்தை நம்பவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். என்ன நம்புகிறீர்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள், பண்டிகைக்குப் போங்கள், விபூதி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கோர்ட்டில் சாட்சி சொல்லப் போனால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். பகவத்கீதையில் கை வைப்பதெல்லாம் சினிமா. 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டத்தில் கடவுள் பெயரால் ஆணையிடலாம், இல்லாவிட்டால் உளமார உறுதி கூறலாம், இரண்டிலும் புத்தகம் என்ற பேச்சே கிடையாது. கல்யாணத்துக்கும் வழி இருக்கிறது. இரண்டு பேரும் இந்து என்றால், தமிழ்நாடு 1967இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உறவினர் நண்பர்கள் முன்னால் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ செய்தால் போதும், புரோகிதரும் மந்திரமும் கட்டாயமில்லை. வேறு வேறு மதம் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், அதற்கு 30 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆகவே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள். இரண்டு வழியிலும் மேடையில் குத்துவிளக்கு ஏற்றிக் கும்பிட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.